கூலிங்கிளாஸின் விலையும் கண்ணின் காப்பும்

திண்டுக்கல்லிலிருந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ வேலைக்குப் போகிறவர்களிடம் உறவினர்கள் சொல்லி அனுப்பும் சாமான்களில் கூலிங்கிளாஸும் ஒன்று. கண்ணைக் காக்கும் கூலிங்கிளாஸ் என்றால் அது வெளிநாட்டில், பெயர் பெற்ற கம்பெனியில், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டும், முன்னூறு நானூறுக்கு விற்பதெல்லாம் கண்ணைக் கெடுத்துவிடும் என்ற எண்ணம் நகரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வேரூன்றியிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவரும் இதையே நம்புகிறார். அவ்வளவு பணம் போட மனம் வராமல் சிலர் வெறும் கண்ணோடு வெயிலில் நிற்கிறார்கள். சிலர் மாதச் சேமிப்பில் பெரும்பகுதியை ஒரே பிரேமில் முடக்குகிறார்கள். இரண்டுமே தேவையில்லாத இழப்பு. இந்த எண்ணம் பல கூற்றுகள் சேர்ந்து உருவானது. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை நிற்பதில்லை. ஓரளவு நிற்பவையும் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை.

எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகவே தெரிகிறது. 1991-க்கு முன்னால் இந்தியாவில் வெளிநாட்டு நுகர்பொருள்கள் முறையான வழியில் கிடைப்பது அரிது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-ல் தோன்றிய சென்னை பர்மா பஜாரும், கப்பலிலும் விமானத்திலும் வந்தவர்களின் பெட்டிகளும்தான் அவற்றுக்கு வாசல். உள்ளூர்ச் சந்தையில் விற்ற வண்ணக் கண்ணாடிகளில் பல, சாயம் ஏற்றிய சாதாரண பிளாஸ்டிக் தகடுகள். அந்தக் காலத்தில் 'ஃபாரின்' கண்ணாடி உசத்தி என்று நினைத்தவர் தவறாக நினைக்கவில்லை. ஆனால் நுகர்பொருள் இறக்குமதி மீது எஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகளும் 2001 ஏப்ரலில் நீங்கின. அதற்கும் முன்பே, 1990-களில், ரே-பான் கண்ணாடிகள் ராஜஸ்தானின் பிவாடியில் இருந்த பாஷ் அண்ட் லாம் ஆலையில் தயாராகி வந்தன. சந்தை மாறிய பிறகும் எண்ணம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

முதலில், கூலிங்கிளாஸ் செய்ய வேண்டிய வேலை என்ன என்று பார்த்துவிட வேண்டும். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு அப்பால் புற ஊதாக் கதிர் உண்டு. அதில் 280 முதல் 315 நானோமீட்டர் வரை உள்ளது 'பி' வகை. 315 முதல் 400 வரை 'ஏ' வகை. 280-க்கும் குறைந்த அலைநீளமுள்ள 'சி' வகையை வளிமண்டலமே தடுத்துவிடுகிறது. கருவிழியின் மேல்பரப்பு 'பி' வகையின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. 'ஏ' வகை உள்ளே இருக்கும் லென்ஸ் வரை போகிறது. பல ஆண்டு வெயில் சேர்ந்தால் கண்புரையில் ஒரு வகை விரைந்து வருகிறது. வெள்ளை விழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வதற்கும் வெயில் முக்கியக் காரணம். வயலில் உழைப்பவர்கள், கட்டட வேலை செய்பவர்கள், நாள் முழுக்க வண்டி ஓட்டுபவர்கள் ஆகியோரிடம் இந்தச் சதை அதிகம் காணப்படுவதைக் கண் மருத்துவர்கள் எப்போதும் சொல்லி வருகிறார்கள். கூச்சத்தைக் குறைப்பது கூலிங்கிளாஸின் இரண்டாவது வேலை. முதல் வேலை, இந்தக் கண்ணுக்குத் தெரியாத பகுதியைத் தடுப்பது. இரண்டும் வேறு வேறு வேலைகள். சந்தையில் உள்ள குழப்பங்களில் பாதி, இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

இனி கூற்றுகள். விலை கூடக்கூடப் பாதுகாப்பு கூடும் என்பது முதலாவது. இது லென்ஸ் எதனால் ஆனது என்பதை அறியாததால் வரும் கூற்று. இன்றைய கூலிங்கிளாஸ்களில் மிகப் பலவற்றின் லென்ஸ் பாலிகார்பனேட். ஏறத்தாழ 380 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிரை அந்தப் பொருள் தன் இயல்பிலேயே நிறுத்திவிடும்; மேலே பூசுவதற்கு எதுவும் வேண்டாம். எஞ்சிய சிறு பகுதியையும் சேர்த்து 400 வரை தடுக்க வேண்டுமானால், வார்க்கும்போது ஓர் உறிஞ்சியைக் கலந்தால் போதும். ஒரு லென்ஸுக்கு அதற்காகும் செலவு மிகச் சொற்பம். சி.ஆர்.39 என்ற வேறொரு பிளாஸ்டிக்குக்கும் இதே கலவை உண்டு. ஆக, புற ஊதாத் தடுப்பு என்பது கூலிங்கிளாஸில் மிக மலிவாகக் கிடைக்கும் அம்சம். கடைகளில் வாங்கிச் சோதித்த ஆய்வுகளும் விலைக்கும் தடுப்புக்கும் தொடர்பைக் காண முடியவில்லை என்றே திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

அப்படியானால் பத்தாயிரம், இருபதாயிரம் எதற்குப் போகிறது? பெயருக்கும் கடை வாடகைக்கும் விளம்பரத்துக்கும் பெரும்பகுதி போகிறது. இத்தாலியின் அகோர்டோவில் 1961-ல் தொடங்கிய லக்சோட்டிக்கா, 1999-ல் ரே-பானை வாங்கியது. 2007-ல் ஓக்லியை வாங்கியது. 2018-ல் பிரான்ஸின் எசிலோருடன் இணைந்தது. பிராடா, ஷனெல், வெர்சாச்சே என்று துணிக்கும் வாசனைத் திரவியத்துக்கும் பெயர் போன நிறுவனங்களின் கண்ணாடிகளையும் உரிமம் பெற்று அதே குழுமம்தான் செய்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் தனித்தனித் தட்டுகளில் வெவ்வேறு விலையில் இருக்கும் பெயர்கள், பல நேரங்களில் ஒரே குழுமத்தின் பட்டியலிலிருந்து வந்தவை. இன்னொரு பக்கம், சீனாவின் ஜியாங்சு மாகாணத்திலுள்ள தன்யாங் நகரம் உலகுக்கே லென்ஸ் செய்து தருகிறது; பல நாட்டுக் கடைகளின் சொந்தப் பெயர்க் கண்ணாடிகளுக்கு லென்ஸ் போவது அங்கிருந்துதான். இந்தியாவில் 2007-ல் டைட்டன் ஐபிளஸும் 2010-ல் லென்ஸ்கார்ட்டும் தொடங்கிய பிறகு, புற ஊதாத் தடுப்பு எழுதிக் கொடுக்கப்பட்ட கண்ணாடி ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்கே வந்துவிட்டது. விளையாட்டுச் சாமான் விற்கும் டெக்கத்லான் கடைகளில் அதைவிடக் குறைவாகவும் கிடைக்கிறது. காதில் மாட்டும் தண்டின் உட்புறத்தில், கருமையைக் குறிக்கும் வகை எண்ணும் அச்சிட்டிருக்கும். அதே டெக்கத்லான் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறது.

விலைக்கும் காப்புக்கும் முடிச்சில்லை என்பதற்குச் சட்டமே சாட்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் கூலிங்கிளாஸ் ஒரு தற்காப்புச் சாதனமாகவே வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் பத்து யூரோவுக்குத் தொங்கும் கண்ணாடியும் நகைக்கடை போன்ற காட்சியறையில் நானூறு யூரோவுக்கு இருக்கும் கண்ணாடியும் ஒரே தரவிதிக்குக் கட்டுப்பட்டவை. ஆஸ்திரேலியா 1971-லேயே கூலிங்கிளாஸுக்குத் தேசியத் தரம் வகுத்த நாடு. அங்கே அது கட்டாயம், 400 நானோமீட்டர் வரை கணக்கில் கொள்ளப்படுகிறது. ஜெர்மனியிலோ மெல்போர்னிலோ வசிக்கும் ஒரு திண்டுக்கல்காரர் முறையான கடையில் மிகக் குறைந்த விலையில் உள்ளதை எடுத்தாலும் சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. ஐரோப்பாவில் போடப்படும் சி.இ. முத்திரை இந்த வகைப் பொருளுக்கு உற்பத்தியாளரே தரும் உறுதிமொழிதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முறையான கடையில் அந்த உறுதிமொழிக்குப் பின்னால் பொறுப்பேற்க ஆள் உண்டு. நடைபாதைக் கண்ணாடியில் அதே இரண்டெழுத்தை யாரும் அச்சிடலாம்.

இரண்டாவது கூற்று இதைவிடக் கூர்மையானது: மலிவுக் கண்ணாடி போடுவது ஒன்றும் போடாததைவிடக் கெடுதல். காரணமும் சொல்லப்படுகிறது. இருட்டான கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரியும். கண்ணாடியில் புற ஊதாத் தடுப்பு இல்லாவிட்டால் விரிந்த வழியில் கூடுதல் கதிர் உள்ளே போகும். இந்தக் காரணத்தில் உடலியல் தவறு இல்லை. கண்மணி விரியும் என்பது உண்மை. தடுப்பே இல்லாத, ஆனால் இருண்ட கண்ணாடி ஆபத்தானது என்பதும் உண்மை. தவறு, 'மலிவு' என்ற சொல்லையும் 'தடுப்பு இல்லாதது' என்ற சொல்லையும் ஒன்றாக்குவதில் இருக்கிறது. மேலே சொன்னபடி பாலிகார்பனேட் லென்ஸுக்குத் தடுப்பு இயல்பிலேயே இருப்பதால், தெருவில் விற்கும் கண்ணாடிகளிலும் கணிசமானவை தடுக்கவே செய்கின்றன. அக்ரிலிக் போன்ற வேறு பிளாஸ்டிக்கில் சாயம் மட்டும் ஏற்றியவற்றைத்தான் அஞ்ச வேண்டும். இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதுதான் தெருக் கண்ணாடியின் உண்மையான குறை. அந்தக் குறை போலிகளுக்கும் பொருந்தும். துபாய் கராமாவிலோ கோலாலம்பூர் பெட்டாலிங் தெருவிலோ 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று சொல்லி விற்கப்படும் கண்ணாடிக்கு ஊரில் நல்ல மரியாதை கிடைக்கிறது, பெயர் பொறித்திருப்பதால். பெயரே பொய்யாக இருக்கும்போது லென்ஸில் ஒட்டிய தாள் மட்டும் மெய்யாக இருக்கும் என்று நம்ப இடமில்லை. பெயர் தெரியாத ஒரு கடையின் சொந்தத் தயாரிப்பு, பில்லோடு வாங்கினால், அந்தப் போலியைவிட எவ்வளவோ மேல்.

பார்த்துப் பிரிக்க முடியாததை அளந்து பிரிக்கலாம். கண்ணாடிக் கடைகளில் லென்ஸின் பவரைப் பார்க்கும் தானியங்கிக் கருவிகள் பலவற்றில் புற ஊதாக் கதிர் எவ்வளவு ஊடுருவுகிறது என்று காட்டும் வசதியும் இருக்கிறது. லென்ஸை அதில் வைத்தால் சில நொடிகளில் எண் வந்துவிடும். கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே பார்த்துச் சொல்வார்கள், கேட்பவர்கள்தான் குறைவு. வீட்டிலும் ஓரளவுக்குச் சோதிக்கலாம். ரூபாய்த் தாளில் எண் அச்சிட்ட இடமும் தாளுக்குள் சிதறியிருக்கும் நுண்ணிழைகளும் புற ஊதா விளக்கில் ஒளிரும். இருட்டறையில் 365 நானோமீட்டர் டார்ச்சைத் தாளின் மீது அடித்து, நடுவில் லென்ஸைப் பிடித்தால் ஒளிர்வு அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்தக் கண்ணாடியை ஒதுக்கிவிடலாம். கருமையான லென்ஸ் ஒளிர்வையும் சேர்த்து மங்கச் செய்யும் என்பதால், லென்ஸைத் தாளுக்கும் விளக்குக்கும் நடுவில் மட்டும் பிடித்து, கண் பக்கவாட்டிலிருந்து நேராகத் தாளைப் பார்ப்பது முக்கியம். மலிவாக விற்கும் ஊதா டார்ச்சுகளில் பல 395 நானோமீட்டரை ஒட்டியவை. அது எல்லைக்கோட்டில் இருப்பதால், நல்ல லென்ஸைக்கூடச் சரியில்லை என்று காட்டிவிடக்கூடும்.

கருமை கூடினால் காப்பு கூடும் என்பது மூன்றாவது. புற ஊதாத் தடுப்பு நிறமற்ற லென்ஸிலும் முழுமையாக இருக்க முடியும். கருமை என்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் அளக்கிறது. சர்வதேசத் தரத்தில் கருமைக்கு 0 முதல் 4 வரை வகை எண் உண்டு. வகை 2 என்றால் ஒளியில் 18 முதல் 43 சதவீதம் உள்ளே வரும். வகை 3-ல் 8 முதல் 18 சதவீதம். வகை 4-ல் 3 முதல் 8 சதவீதம். திண்டுக்கல் சமவெளிக்கும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வகை 3 பொருந்தும். வகை 4 பனிமலைக்கும் பனிப்பாறைக்கும் உரியது. அதை அணிந்து வண்டி ஓட்டக் கூடாது என்று தரவிதியே சொல்கிறது. கரூர் வழியாக மதுரைக்குப் போகும் நான்கு வழிச் சாலையில் மரநிழலுக்குள் நுழையும் ஒரு நொடியில் வகை 4 அணிந்த ஓட்டுநருக்கு முன்னால் போகும் சைக்கிள் தெரியாமல் போகலாம். இதே நெடுஞ்சாலையோரங்களில் 'நைட் விஷன்' என்று மஞ்சள் கண்ணாடி விற்கிறார்கள். இரவில் எந்த வண்ண லென்ஸும் கண்ணுக்கு வரும் ஒளியைக் குறைக்கவே செய்யும். எதிர்வண்டி விளக்கின் கூச்சத்துக்கு அது மருந்து ஆகாது.

போலரைஸ்டு என்று எழுதியிருந்தால் எல்லாம் முடிந்தது என்ற கூற்று அண்மையில் பரவியது. எட்வின் லேண்ட் கண்டுபிடித்த போலராய்டு தகடு 1930-களில் கூலிங்கிளாஸுக்கு வந்தது. தார்ச் சாலை, குளத்து நீர், காரின் முன்பலகை ஆகிய கிடைமட்டப் பரப்புகளில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை அது வெட்டிவிடும். ஓட்டுநருக்கும் மீன்பிடிப்பவருக்கும் நல்ல பயன். கடைக்காரர் ஒரு சிறு அட்டையை நீட்டுவார். வெறும் கண்ணுக்கு அது சாம்பல் நிறச் சதுரமாகத் தெரியும். கண்ணாடி வழியே பார்த்தால் ஒரு மீனோ காரோ தோன்றும். வாங்குபவர் வியந்து, ஒரிஜினல்தான் என்று முடிவு செய்துவிடுகிறார். அந்த அட்டை நிரூபிப்பது ஒன்றே ஒன்று: லென்ஸில் போலரைஸ் செய்யும் படலம் இருக்கிறது. புற ஊதாத் தடுப்பைப் பற்றியோ லென்ஸின் தரத்தைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. அந்தப் படலமும் இன்று மலிவானதே. கைப்பேசித் திரையைக் கண்ணாடி வழியே பார்த்தபடி மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் திரை கறுத்துப் போவதைக் கொண்டு அட்டையில்லாமலே கண்டுபிடிக்கலாம். கருவித் திரைகளைப் பார்த்தபடி வேலை செய்யும் கிரேன் ஓட்டுநர் போன்றவர்களுக்கு இந்தக் கறுப்பே இடைஞ்சல். அவர்களுக்குப் போலரைஸ்டு இல்லாததே நல்லது.

லென்ஸ் நிஜக் கண்ணாடியாக இருந்தால்தான் தரம் என்பது பெரியவர்கள் சொல்வது. கீறல் விழாது என்பதில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் சாதாரணக் கண்ணாடி 'ஏ' வகைக் கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். அடிபட்டால் உடைந்து கண்ணுக்குள் போகும். இருசக்கர வண்டியில் போகிறவருக்குப் பாலிகார்பனேட்தான் ஏற்றது.

இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு நம்பிக்கை இருக்கிறது: வெளிநாட்டு வெயில்தான் கண்ணைப் பாதிக்கும், அதற்கெனச் செய்த கண்ணாடி வேறு, நம் ஊர் வெயில் பழகிப்போனது. திண்டுக்கல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10.4 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாட்களிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் ஆண்டுக்கு இருமுறை சூரியன் இங்கே நேர் உச்சியில் வரும், பகல் 12.20-ஐ ஒட்டி மலைக்கோட்டைப் பாறையில் நட்ட கோலுக்கு நிழலே விழாது. துபாய் 25 பாகையில் இருப்பதால் அங்கே சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை. மார்கழியில் திண்டுக்கல்லின் நண்பகல் சூரியன் 56 பாகை உயரத்தில் நிற்கும்போது துபாயில் 41 பாகை, லண்டனில் வெறும் 15 பாகை. புற ஊதாக் கதிரின் வலிமை வெப்பத்தைப் பொறுத்ததல்ல, சூரியனின் உயரத்தைப் பொறுத்தது. வளைகுடாவில் கோடை வெப்பம் இங்கே இருப்பதைவிடக் கொடியது என்பதில் ஐயமில்லை; அதனால்தான் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. ஆனால் ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் வேடசந்தூரில் ஆடு மேய்ப்பவரின் கண்ணும், நிலக்கோட்டையில் பூப்பறிப்பவரின் கண்ணும், ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறித் தோட்டத்தில் நிற்பவரின் கண்ணும் பெறும் புற ஊதாக் கதிர் குறைந்ததல்ல. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடுவதால், குளிர்கிறதே என்று கொடைக்கானலில் கண்ணாடியைக் கழற்றி வைப்பதும் தவறான கணக்கு. கதிரில் பெரும்பங்கு திறந்த வானத்திலிருந்து சிதறி வருவது. மேகம் இருந்தாலும் முழுதாக நிற்காது. பழக்கத்தால் கூச்சம் குறையலாம், கதிர் குறையாது. வெளிநாட்டுக்கென ஒரு கண்ணாடி, ஊருக்கென ஒரு கண்ணாடி என்ற பிரிவுக்கு அறிவியலில் இடமில்லை.

விலையுயர்ந்த கண்ணாடியில் ஒன்றுமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மிக மலிவான கண்ணாடிகளில் உண்மையான குறைகள் இருக்கின்றன. அவை வேறு இடத்தில் இருக்கின்றன. லென்ஸின் வளைவு சீராக இல்லாவிட்டால் நேர்கோடு நெளியும், அரை நாள் அணிந்தால் தலை வலிக்கும். கண்ணாடியைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்து, கதவுச் சட்டத்தையோ தரை ஓட்டின் கோட்டையோ அதன் வழியே பார்த்தபடி மெல்ல மேலும் கீழும் அசைக்க வேண்டும். கோடு வளையாமல் நகர்ந்தால் லென்ஸ் நல்லது. கீல் ஆடுகிறதா, இரு லென்ஸும் ஒரே கருமையா, மேலே கீறல் தாங்கும் பூச்சு உண்டா என்பவையும் பார்க்க வேண்டியவை. இவற்றுக்காக முன்னூறுக்குப் பதில் ஆயிரம் கொடுப்பது நியாயம். ஆயிரத்துக்கும் பதினைந்தாயிரத்துக்கும் இடையே கண் பெறும் கூடுதல் நன்மை மிகச் சிறிது. பொருத்தம் அதைவிடப் பெரிய விஷயம். தண்டின் உட்புறத்தில் 52, 18, 140 என்பது போல மூன்று எண்கள் இருக்கும்: லென்ஸின் அகலம், மூக்குப் பாலத்தின் அகலம், தண்டின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். ஏற்கெனவே நன்றாகப் பொருந்திய ஒரு கண்ணாடியின் எண்களைக் குறித்துக்கொண்டால், எந்த நாட்டுக் கடையிலும் ஆன்லைனிலும் அளவு தவறாது. ஊரில் இருப்பவருக்கு வாங்கி அனுப்பும்போதும் கேட்டு வாங்க வேண்டியது இந்த எண்களைத்தான். முகத்தோடு ஒட்டாமல் மூக்கில் சரியும் கண்ணாடியில் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் கதிர் நுழையும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியதானாலும் அந்த இடைவெளி அடைபடாது. அகன்ற தொப்பியோ தலைத்துண்டோ சேர்ந்தால் காப்பு மேலும் கூடும்.

பவர் உள்ளவர்களுக்கு வெளிநாட்டில் கூலிங்கிளாஸ் எட்டாக்கனி என்ற பேச்சும் பாதிதான் உண்மை. பவர் போட்ட வண்ண லென்ஸ் அங்கே விலை கூடுதல்தான். ஆனால் மதுரையில் 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை திண்டுக்கல்லிலேயே இருக்கிறது. விடுமுறையில் வரும்போது கண்ணைச் சோதித்து, இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்தையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டால், அந்தச் சீட்டின் எண்கள் உலகம் முழுவதும் ஒன்றே. ஊரிலேயே லென்ஸ் போட்டு எடுத்துப் போகலாம். இருக்கும் கண்ணாடியின் மேல் மாட்டும் கிளிப்பும், கண்ணாடிக்கு மேல் அணியும் பெரிய கூலிங்கிளாஸும் இன்னும் மலிவு. வெயிலில் தானே கறுக்கும் லென்ஸை நம்பி வாங்கும் ஓட்டுநர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காரின் முன்கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுவதால், அந்த லென்ஸ் வண்டிக்குள் சரியாகக் கறுப்பதில்லை.

விலைக் கூற்றை முழுதாகக் கவிழ்க்கும் பொருள் ஒன்று வளைகுடாவில் வேலை செய்யும் பல்லாயிரம் பேரின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கட்டட வேலையிடங்களில் கம்பெனி கொடுக்கும் கறுப்புப் பாதுகாப்புக் கண்ணாடி அது. அதன் லென்ஸ் ஓரத்திலோ தண்டிலோ மிகச் சிறிய எழுத்துகள் இருக்கும். அமெரிக்கத் தரமான இசட்87 என்பதோடு கூட்டல் குறி இருந்தால் பலமான அடியைத் தாங்கும். யு6 என்றால் புற ஊதாத் தடுப்பில் மிக உயர்ந்த படி. ஐரோப்பியத் தயாரிப்பானால் 5-2.5 அல்லது 5-3.1 என்று இருக்கும். வெயிலுக்கான வடிகட்டி என்று அதற்குப் பொருள். பாலிகார்பனேட் லென்ஸ், பக்கவாட்டை மூடிய வளைவு, அடி தாங்கும் உறுதி எல்லாம் அதில் உண்டு. வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, கடைத்தெருவில் போலிப் பெயர்க் கண்ணாடிக்குப் பேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே வகைக் கண்ணாடி திண்டுக்கல்லில் வெல்டிங் சாமான், ஹார்டுவேர் விற்கும் கடைகளிலும் இருநூறு முன்னூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வயலுக்கும் இருசக்கர வண்டிக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை.

கடைசிக் கூற்று ஆபத்தானது: ஒரிஜினல் கண்ணாடி போட்டால் சூரியனையே பார்க்கலாம், வெல்டிங் பொறியையும் பார்க்கலாம். 2019 டிசம்பர் 26 காலை வளையச் சூரிய கிரகணத்தின் பாதை திண்டுக்கல் வழியே சென்றது, 9.30-ஐ ஒட்டி வளையம் தெரிந்தது. கிரகணத்துக்கான வடிகட்டிக்குத் தனித் தரம் உண்டு. அது மிகக் கருமையான கூலிங்கிளாஸைவிடவும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கோ அதற்கும் மேலோ ஒளியைக் குறைக்கும். எந்த விலைக் கூலிங்கிளாஸும் அந்த வேலையைச் செய்யாது. விழித்திரை வலியில்லாமலே வெந்துபோகும். ஆர்க் வெல்டிங்குக்கும் 10 முதல் 13 வரை எண்ணுள்ள கருங்கண்ணாடி பொருத்திய முகமூடிதான் வேண்டும். பூட்டுப் பட்டறைகளிலும் கிரில் பட்டறைகளிலும் கூலிங்கிளாஸோடு வெல்டிங் வைத்துவிட்டு, இரவில் கண்ணில் மணல் கொட்டியது போல் எரிச்சலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. அந்தக் கண்ணாடி ஐந்நூறு ரூபாயா, பதினைந்தாயிரமா என்பது அப்போது எந்த வேறுபாட்டையும் ஏற்படுத்துவதில்லை.